மஞ்சக் கடுதாசி, இரண்டாவது முறை: மறுபடி ஐ.பி. போட நினைப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் அப்பா ரெடிமேட் துணிக்கடை வைத்திருந்தார். 1998இல் கடன் தலைக்கு மேல் போய் ஐ.பி. போட்டார், அதாவது கடனைக் கட்ட வழியில்லை என்று நீதிமன்றத்தில் நொடிப்பு மனு கொடுத்தார். எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால், மஞ்சக் கடுதாசி கொடுத்தார். உத்தரவு வந்த அன்று அவருடைய வக்கீல் “அவ்வளவுதான் அண்ணே, வேலை முடிஞ்சுது” என்று சொல்லி அனுப்பினார். அப்பாவும் நம்பினார். 2009இல் வேறொரு தொழிலில் மறுபடி நொடித்து, இன்னொரு மனு போடப் போனபோதுதான் தெரிந்தது: முதல் உத்தரவை நீதிமன்றம் எப்போதோ ரத்து செய்துவிட்டது. உத்தரவு வந்த பிறகு, கடனிலிருந்து விடுவிக்கக் கேட்டுப் போட வேண்டிய மனுவை யாரும் போடவே இல்லை. பதினோரு வருடம் கடன் தீர்ந்துவிட்டது என்று நினைத்து வாழ்ந்த மனிதர் அன்று பாரிமுனையிலிருந்து வீடு வரை நடந்தே வந்தார்.

நான் வக்கீல் இல்லை. பாரிமுனையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் 19 வருடமாகக் குமாஸ்தா. காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இரண்டாம் முறை வருகிறவர்களில் பலருடைய கதையும் என் அப்பாவின் கதைதான். புதுக் கடனைப் பற்றியே பேசுவார்கள், பழைய வழக்கு என்ன ஆனது என்று கேட்டால் தெரியாது. புது மனுவின் கதி பழைய வழக்கின் காகிதக் கட்டுக்குள்தான் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இன்றைக்கே நிறுத்த வேண்டியவை

கடனை அடைக்கக் கடன் வாங்குவதை இன்றோடு நிறுத்துங்கள். ஆப் கடனை அடைக்கத் தண்டல், தண்டலை அடைக்க மகளிர் குழுக் கடன், அதை அடைக்க நகை என்று போகும் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் முந்தையதைவிடக் கனமானது. அது மட்டுமல்ல. திருப்பிக் கொடுக்க வழியில்லை என்று தெரிந்தே வாங்கிய கடன், பின்னால் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகவே எடுத்து வைக்கப்படும்.

வெற்றுப் பத்திரம், தேதி போடாத காசோலை, தொகை எழுதாத புரோநோட்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டை மனைவி பேருக்கோ தம்பி பேருக்கோ மாற்றி எழுதலாம் என்று அக்கம்பக்கத்தில் யோசனை சொல்வார்கள். வேண்டாம். நொடிப்பு உத்தரவுக்கு (நீங்கள் நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவிக்கும் உத்தரவு) முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் பணம் வாங்காமல் எழுதிக் கொடுத்த சொத்தைச் செல்லாது என்று ஆக்க சட்டத்தில் இடம் இருக்கிறது. மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்தில் மச்சானுக்கு மட்டும், சம்பந்திக்கு மட்டும் என்று ஒருவரைத் தேர்ந்து முழுதாக அடைப்பதும் அப்படித்தான். அந்தப் பணத்தை அவரிடமிருந்து திரும்பக் கேட்பார்கள். உறவும் போகும், வழக்கும் கெடும்.

இன்னொன்று. ராத்திரி தூக்கம் வராமல், செத்துவிடலாமா என்ற எண்ணம் வந்தால் 104க்கு அல்லது 14416க்கு அழையுங்கள். இரண்டும் அரசின் இலவச எண்கள், தமிழில் பேசலாம். வெட்கப்பட வேண்டாம். எங்கள் அலுவலக வாசலில் அந்த எண்ணத்தோடு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கடன்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதியபோது, தீர்க்க வழியே இல்லாதது என்று ஒன்றுகூட இருந்ததில்லை.

முதல் படி: பழைய கட்டைத் தேடி எடுங்கள்

வட சென்னையில் தனிநபர் நொடிப்பு மனுக்கள் போவது 1909ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகரங்கள் நொடிப்புச் சட்டத்தின்கீழ். சென்னை, மும்பை, கொல்கத்தா மூன்று நகரங்களுக்கு மட்டுமான சட்டம் அது. சென்னை நகருக்கான மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் விசாரிக்கும். மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாநில நொடிப்புச் சட்டம், கீழ் நீதிமன்றங்கள். திருவொற்றியூர், எண்ணூர், மணலி, மாதவரம் எல்லாம் 2011இல்தான் மாநகராட்சிக்குள் வந்தவை. அங்கே குடியிருப்பவர்கள் எந்த நீதிமன்றம் என்பதை முகவரியைக் காட்டி வக்கீலிடம் முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். இடம் மாறிப் போட்ட மனு திரும்பி வரும்.

2016இல் வந்த திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கும் ஒரு பகுதி உண்டு. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000க்குள், கடன் 35,000க்குள் இருப்பவர்களுக்குப் ‘புதிய தொடக்கம்’ என்று ஒரு வழியும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பகுதி சாதாரண ஆட்களுக்கு நடைமுறைக்கு வரவில்லை. 2019 டிசம்பர் 1 முதல் ஒரே ஒரு வகையினருக்கு மட்டும் வந்திருக்கிறது: ஒரு கம்பெனி வாங்கிய கடனுக்குச் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் நின்றவர்கள். நீங்கள் அப்படி நின்றவர் என்றால் போக வேண்டிய இடம் ராஜாஜி சாலையில் இருக்கும் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம். அங்கேயும் இரண்டாம் முறைக்குத் தடை உண்டு. அதே வகை மனு கடந்த 12 மாதத்துக்குள் ஏற்கப்பட்டிருந்தால் புதிதாகப் போட முடியாது. ‘புதிய சட்டத்தில் எல்லாக் கடனும் தள்ளுபடி’ என்று வீடியோவில் பேசிப் பணம் கேட்பவர்களிடம் இந்த ஒரு விவரத்தைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, பழைய வழக்குக்கு வருவோம். கையில் ஐ.பி. எண்ணும் ஆண்டும் இருந்தால் போதும். இல்லை என்றால் பழைய வக்கீலின் பெயர், பழைய முகவரி, எந்த ஆண்டு என்ற உத்தேசம் ஆகியவற்றோடு உயர் நீதிமன்றத்தில் தேடச் சொல்லுங்கள். வக்கீல் இறந்துபோயிருந்தாலும் நீதிமன்றத்தின் பதிவேடு இருக்கும். எல்லா உத்தரவுகளுக்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள். உயர் நீதிமன்றத்தின் அஃபிஷியல் அசைனி என்ற அதிகாரியின் அலுவலகத்திலும் உங்கள் பெயரில் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நொடிப்பு உத்தரவு வந்ததும் உங்கள் சொத்தெல்லாம் சட்டப்படி அவர் கைக்குத்தான் போகிறது.

கட்டைப் பிரித்ததும் உங்கள் வழக்கு கீழே சொல்லும் நிலைகளில் ஏதோ ஒன்றில் இருக்கும்.

மனு போட்டீர்கள், வாய்தாவுக்குப் போகாமல் உத்தரவு வரும் முன்பே தள்ளுபடி ஆகிவிட்டது. இது லேசான நிலை. நொடிப்பு உத்தரவே இல்லாததால் நீங்கள் சட்டப்படி நொடித்தவர் ஆகவில்லை. புது மனு போடலாம். ஆனால் பழைய மனுவை மறைக்கக் கூடாது. ஏன் போகவில்லை என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

நொடிப்பு உத்தரவு வந்தது, டிஸ்சார்ஜ் என்கிற விடுவிப்பு உத்தரவு வரவில்லை, ரத்தும் ஆகவில்லை. இது பலருக்குத் தெரியாத ஆபத்து. நீங்கள் இன்னமும் விடுவிக்கப்படாத நொடித்தவர். இடையில் வாங்கிய வண்டி, வந்த பங்கு, சேர்த்த பணம் எதுவும் முழுதாக உங்களுடையது ஆகாது. இந்த நிலையில் இருக்கும் ஒருவர், தன் நிலையைச் சொல்லாமல் ஒருவரிடம் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலே ஆறு மாதம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. 1909இல் எழுதிய 50 ரூபாய் அது. தொகைதான் பழையது, பிரிவு இன்றும் இருக்கிறது. கம்பெனி இயக்குநர் ஆக முடியாது, சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ நிற்க முடியாது. இவர் இரண்டாவது மனுவைப் பற்றி யோசிக்கும் முன், முதல் வழக்கில் விடுவிப்பு கேட்டு மனு போட வேண்டும்.

நொடிப்பு உத்தரவு வந்தது, விடுவிப்புக்கு மனு போடாததால் அல்லது போட்டுவிட்டு நடத்தாமல் விட்டதால் உத்தரவு ரத்து ஆனது. அப்பாவின் நிலை இதுதான். ரத்து ஆன நாளிலிருந்து பழைய கடன்காரர்கள் மறுபடி கேட்க முடியும். உத்தரவு வந்த நாளுக்கும் ரத்தான நாளுக்கும் இடைப்பட்ட காலம் அவர்களுடைய காலவரம்புக் கணக்கிலிருந்து கழிக்கப்படும் என்பதால், “ரொம்ப வருஷம் ஆச்சு, கேஸ் நிக்காது” என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். இரண்டாவது மனு போட வேண்டும் என்றால், ரத்து செய்த அதே நீதிமன்றத்தின் அனுமதியை முதலில் வாங்க வேண்டும். அனுமதிக்கு இரண்டே வழிகள். ஒன்று, விடுவிப்பு மனுவைப் போடவோ நடத்தவோ முடியாமல் போனதற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும்: படுத்த படுக்கையாய் இருந்தது, வக்கீல் இறந்தது போன்றவை, மருத்துவமனைச் சீட்டு மாதிரியான ஆதாரத்தோடு. இரண்டு, இப்போதைய மனு பழைய மனுவின் விவரங்களிலிருந்து கணிசமாக வேறுபட்டது என்று காட்ட வேண்டும். அப்பாவுக்கு இரண்டாவது வழிதான் கை கொடுத்தது. 1998இன் கடன் துணிக்கடைக் கடன், 2009இன் கடன் வேறு தொழிலில், வேறு ஆட்களிடம் வாங்கியது. கணக்கு நோட்டு இருந்ததால் அதைக் காட்ட முடிந்தது.

விடுவிப்பு கிடைத்துவிட்டது, இப்போது இருப்பது முழுக்கப் புதுக் கடன். இவருக்குப் புது மனு போடத் தடை இல்லை. ஆனால் இம்முறை விடுவிப்புக் கேட்கும்போது, முன்பு ஒருமுறை நொடித்தவர் என்பதே அவருக்கு எதிரான காரணங்களில் ஒன்றாகச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கணக்கு எழுதாதது, சூதாட்டம், வீண் ஆடம்பரம், நொடித்தது தெரிந்தும் தொழிலைத் தொடர்ந்தது, சொத்தின் மதிப்பு கடனில் ரூபாய்க்கு நாலணாகூடத் தேறாதது எல்லாம் அதே பட்டியலில் இருக்கின்றன. அப்படி ஒரு காரணம் இருந்தால் நீதிமன்றம் விடுவிப்பை மறுக்கலாம், சில காலம் தள்ளிப் போடலாம், அல்லது வருங்கால வருமானத்தில் இவ்வளவு கட்ட வேண்டும் என்று நிபந்தனை போடலாம். நாலணா தேறாமல் போனது உங்கள் தவறால் அல்ல என்று காட்ட முடிந்தால் அந்தக் காரணம் வலுவிழக்கும். மீன்பிடித் தடைக்காலம், தீ விபத்து, புயல், நோய் என்று எது காரணமோ அதற்கான காகிதத்தை இப்போதே சேர்த்து வையுங்கள்.

இரண்டாம் படி: கடன்களைப் பிரித்து எழுதுங்கள்

போன மாதம் காசிமேட்டிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். விசைப்படகில் பங்குதாரர். பாலிதீன் பையைத் திருப்பி மேசைமேல் கொட்டினார். நகைக்கடன் ரசீது மூன்று, ஒரு வங்கி நோட்டீஸ், மனைவி பேரில் குழுக் கடன் அட்டை, டீசல் கடை பில் கட்டு, அப்புறம் ரப்பர் பேண்டு போட்ட நாலு தண்டல் அட்டைகள். “மொத்தம் எவ்ளோ அண்ணே?” என்றேன். “பதினாறு, பதினேழு இருக்கும்பா” என்றார். கூட்டிப் பார்த்தால் பதினோரு லட்சத்துச் சொச்சம். அதில் நொடிப்பு மனுவால் உண்மையில் இறங்கக் கூடியது நாலு லட்சம்தான். மனு போட வந்தவர் அதைப் பார்த்துவிட்டு வேறு வழிக்குப் போனார்.

நீங்களும் ஒரு நூறு பக்க நோட்டில் எழுதுங்கள். ஒரு கடனுக்கு ஒரு பக்கம். யாரிடம், எந்தத் தேதி, கையில் வந்த தொகை, இதுவரை கட்டியது, என்ன அடமானம், யார் ஜாமீன், கடைசியாகக் கட்டிய தேதி. ஆப் கடன்களும் அட்டைக் கடன்களும் மறந்துபோகும். அதற்கு சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கையை வாங்குங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒன்று இலவசமாகத் தர வேண்டும். பிறகு கடன்களை வகை பிரியுங்கள்.

அடமானம் உள்ள கடனை நொடிப்பு மனு தொடாது. நகை, வீடு, ஆட்டோ, படகு எது அடமானத்தில் இருந்தாலும், நொடிப்பு உத்தரவு இருந்தாலும் கடன் கொடுத்தவர் அடமானத்தை எடுத்து விற்கலாம். வீட்டுக் கடனில் வங்கி முதலில் 60 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அந்த 45 நாளைத் தவறவிட்டு அழுதுகொண்டு வருகிறவர்கள் நிறைய.

காசோலை திரும்பிய வழக்கு குற்ற வழக்கு. ஐ.பி. அதை நிறுத்தாது. நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்டினால் வழக்கு வராது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ வரலாம். ஆகவே கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எங்கே முதலில் கொடுப்பது என்று யோசிக்கும்போது இதையும் வக்கீலிடம் சொல்லுங்கள்.

அரசுக்குக் கட்ட வேண்டியது, மோசடி செய்து வாங்கியது, மனைவி மக்களுக்கான ஜீவனாம்சம் ஆகியவை விடுவிப்பு உத்தரவு வந்த பிறகும் உயிரோடு இருக்கும்.

ஜாமீன் போட்டவர் தப்ப மாட்டார். உங்களுக்கு விடுவிப்பு கிடைத்தாலும் ஜாமீன்தாரர் மேலும், கூட்டாகக் கையெழுத்துப் போட்டவர் மேலும் கடன் அப்படியே நிற்கும். நீங்கள் எடுத்த சீட்டுக்கு ஜாமீன் நின்ற அத்தை மகன், குழுக் கடனில் கூட இருக்கும் பக்கத்து வீட்டு அக்காமார்கள், எல்லாரையும் நினைத்துப் பாருங்கள். மனு போடுவதற்கு முன் அவர்களிடம் நேரில் போய்ச் சொல்வதுதான் முறை.

மிச்சம் இருப்பது: அடமானமில்லாத தனிநபர் கடன், அட்டைக் கடன், கைமாற்று, புரோநோட்டு, கடை பாக்கி. நொடிப்பு மனு உண்மையில் உதவுவது இந்த வகைக்குத்தான். இந்தக் கூட்டுத்தொகை சிறியது என்றால், மனு போட்டு ஊருக்கெல்லாம் அறிவிப்பதைவிட நேராகப் பேசித் தீர்ப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

தண்டல் அட்டையைத் தனியாக எடுத்து வையுங்கள்

அந்த அண்ணனின் ஒரு தண்டல் அட்டை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உள்ளங்கை அளவு, ரோஸ் நிறம், நூறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நீல மையில் ஒரு சுழி. 63ஆம் கட்டத்தில் மீன் செதில் ஒட்டிக் காய்ந்திருந்தது. எழுத்தில் கடன் 10,000 ரூபாய். கையில் கொடுத்தது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள். பார்க்க 15 சதவீதம் மாதிரி இருக்கும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது அல்லவா? அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீத வட்டி.

தமிழ்நாட்டில் 2003இலேயே அதீத வட்டி வசூலைத் தடை செய்யும் சட்டம் வந்துவிட்டது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணிநேர வட்டி, தண்டல் எல்லாம் அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அதே சட்டத்தில் இன்னொரு வழியும் உண்டு: நீங்கள் நியாயமாகக் கட்ட வேண்டிய தொகையை நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கேட்கலாம். 2025இல் கடன் வசூலில் மிரட்டல், கட்டாயப்படுத்தல் ஆகியவற்றுக்கு எதிராகத் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. காவல் நிலையத்துக்குப் போகும்போது அட்டையின் இரு பக்கத்துக்கும் நகல் எடுத்து, யார் எத்தனை மணிக்கு வந்து என்ன சொன்னார் என்று தேதி வாரியாக எழுதி, மனுவோடு கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத புகார், புகார் கொடுக்காததற்குச் சமம்.

வங்கி, நிதி நிறுவனத்தின் வசூல் ஆட்களுக்கும் வரம்பு உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. குழுக் கடன் தரும் நுண்கடன் வகையில் இன்னும் கடுமை: காலை 9 முதல் மாலை 6 வரைதான். மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுதுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448.

மூன்றாம் படி: எதை எடுக்க முடியாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பயத்தில்தான் ஆட்கள் தவறான காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். தீர்ப்பு வந்தாலும் ஜப்தி செய்ய முடியாதவை இருக்கின்றன: உடுதுணி, பாய் படுக்கை, சமையல் பாத்திரம், தாலி, கைத்தொழில் செய்பவரின் கருவிகள். தையல்காரரின் மிஷினும் தச்சரின் உளியும் அவர்கள் பிழைப்பு. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் சாதாரணக் கடனுக்காகப் பிடிக்க முடியாது. பி.எஃப். பணத்தையும் தொட முடியாது. ஆனால் ஒன்று: நொடிப்பு உத்தரவு வந்துவிட்டால், 1909ஆம் ஆண்டுச் சட்டம் கருவிகள், துணிமணி, பாத்திரம் எல்லாம் சேர்த்து 300 ரூபாய் மதிப்புக்குத்தான் உங்களிடம் விடச் சொல்கிறது. மிஷினோ கருவியோ வைத்துப் பிழைப்பவர் மனு போடும் முன் இதை வக்கீலிடம் வாய் திறந்து கேட்க வேண்டும்.

சிறைக்குப் போவோமா என்று எல்லாரும் கேட்பார்கள். பணம் இல்லாததற்காக மட்டும் யாரையும் சிவில் சிறையில் போட முடியாது என்று 1980லேயே உச்ச நீதிமன்றம் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சொல்லிவிட்டது. வசதி இருந்தும் ஏமாற்றுகிறார் என்று காட்ட வேண்டும். பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. “நாளைக்கு உன் பொண்டாட்டியை உள்ள தள்ளிடுவேன்” என்று போனில் மிரட்டினால், அது சட்டத்தில் இல்லாத மிரட்டல்.

காலவரம்பும் உண்டு. சாதாரணக் கடனுக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் காலம் முடிவதற்குள் நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, உங்கள் கையெழுத்தோடு ஒரு பகுதி கட்டினாலோ மறுபடி முதலிலிருந்து மூன்று ஆண்டு ஓடும். “சும்மா ஒரு ஐந்நூறு போட்டு விடுங்க சார்” என்று வசூல் ஆள் குழைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காம் படி: மனு இல்லாமல் தீருமா என்று பாருங்கள்

வங்கியிடம் ஒரே தவணையில் தீர்க்கும் பேச்சு நடத்தலாம். எவ்வளவு குறைத்தார்கள், எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், கட்டிய பின் பாக்கி இல்லை என்று சான்று தருவார்களா என்பதெல்லாம் அவர்கள் லெட்டர்ஹெட்டில் வரும் வரை ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். வசூல் ஆளின் சொந்த எண்ணுக்கு ஒருபோதும் பணம் அனுப்பாதீர்கள். கடன் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று வரும், அடுத்த கடன் கிடைப்பது கஷ்டம். இந்த நிலையில் அடுத்த கடன் கிடைக்காமல் இருப்பதே நல்லது.

வழக்கு நடந்துகொண்டிருந்தால் லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லலாம். அங்கே ஒப்புக்கொண்டால் அதுவே தீர்ப்பாணை, மேல்முறையீடு கிடையாது. ஆகவே கட்ட முடியாத தவணைக்கு அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். மாதம் 3,000தான் முடியும் என்றால் 3,000 என்றே சொல்லுங்கள். சாதாரண வழக்கிலும் தவணையில் கட்ட அனுமதி கேட்கலாம்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100க்கு அழைக்கலாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு அரசுச் செலவில் வக்கீல் கிடைக்கும். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இலவசச் சட்ட உதவிக் குழு இருக்கிறது. அங்கே கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஐந்தாம் படி: மனு போட்டே ஆக வேண்டும் என்றால்

பழைய உத்தரவு ரத்தானவர்கள் அனுமதி மனுவை முதலில் போட வேண்டும் என்று மேலே சொன்னேன். விடுவிப்பே வராதவர்கள் முதலில் அதைக் கேட்க வேண்டும். மற்றவர்கள் நேராக மனுவுக்குப் போகலாம். கடந்த ஓராண்டுக்குள் நகர எல்லையில் குடியிருந்ததற்கோ தொழில் செய்ததற்கோ ஆதாரம் வேண்டும்: வாடகை ஒப்பந்தம், ரேஷன் அட்டை, கடை உரிமம், கரண்ட் பில்.

கடன் பட்டியலில் ஒருவரையும் விடாதீர்கள். மாமியாரிடம் வாங்கிய கைமாற்றும் கடன்தான். சொத்துப் பட்டியலும் அப்படியே. ஊரில் இருக்கும் அரை கிரவுண்டு பங்கு, சீட்டில் கட்டியிருக்கும் தவணை, எல்.ஐ.சி. பாலிசி, மனைவி பேரில் இருந்தாலும் உங்கள் பணத்தில் வாங்கியது. மறைத்தது பின்னால் தெரிந்தால் விடுவிப்பு போகும், இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. பழைய மனுவின் பட்டியலையும் புதியதையும் எதிர்த்தரப்பு வக்கீல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பார். முன்பு காட்டிய ஒரு சொத்து இப்போது காணோம் என்றால் அதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்.

நொடிப்பு உத்தரவு வந்ததும் அரசிதழில் வெளியாகும். அதன்பின் நீதிமன்ற அனுமதி இல்லாமல் கடன்காரர்கள் புதிதாக வழக்குப் போட முடியாது. கைதிலிருந்து காப்பாற்றும் பாதுகாப்பு உத்தரவு தானாக வராது. அதற்குத் தனியாக மனு போட வேண்டும், வக்கீலிடம் மறக்காமல் கேளுங்கள். பிறகு அஃபிஷியல் அசைனி கூப்பிடுவார், கடன்காரர்கள் கூட்டம் நடக்கலாம், நீதிமன்றத்தில் எல்லார் முன்னிலையிலும் உங்களை விசாரிப்பார்கள். கூனிக் குறுக வேண்டாம். கேட்டதற்கு மட்டும், உள்ளதை உள்ளபடி, நோட்டைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம்.

கடன்காரர்களோடு ஓர் ஒப்பந்தத் திட்டம் போட்டு, பெரும்பாலோர் ஏற்று, நீதிமன்றமும் ஒப்புக்கொண்டால் அதோடு முடிக்கவும் வழி இருக்கிறது. தொடர்ந்து வருமானம் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி.

ஆறாம் படி: விடுவிப்பு மனு

முதல் முறை பலர் தவறவிட்ட இடம் இதுதான். நொடிப்பு உத்தரவு வந்த அன்றே வக்கீலிடம் கேளுங்கள்: “டிஸ்சார்ஜ் மனுவை எந்தத் தேதிக்குள் போட வேண்டும்?” பதிலை அவர் கையாலேயே உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். வீட்டுக் காலண்டரில் ஒரு மாதம் முன்னதாகவே வட்டம் போடுங்கள், பெரிய பிள்ளையின் போனிலும் நினைவூட்டல் வைக்கச் சொல்லுங்கள். முகவரி மாறினால் அன்றே வக்கீலுக்கும் அஃபிஷியல் அசைனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். கொருக்குப்பேட்டை வாடகை வீட்டிலிருந்து கொடுங்கையூருக்கு மாறி, நோட்டீஸ் பழைய வீட்டுக்கே போய்த் திரும்பியதால் கெட்ட வழக்கை என் கையாலேயே கட்டியிருக்கிறேன். வக்கீல் மாற்றினால் கட்டு முழுதையும் வாங்கிக்கொண்டு மாற்றுங்கள்.

விசாரணைக்குக் கூப்பிட்ட ஒவ்வொரு தேதிக்கும் போங்கள். அன்றைய கூலி போகும், தெரியும். நாள் கூலிக்குப் போகிறவர்கள் தேதியை முன்கூட்டியே மேஸ்திரியிடம் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 2012இல் விடுவிப்பு வந்தது, ஓராண்டு தவணை நிபந்தனையோடு. கடைசித் தவணை கட்டிய மறுநாள் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கினோம். ஒன்று பரணில் இருக்கும் தகரப் பெட்டியில், இன்னொன்று என் அலுவலக அலமாரியில். நீங்களும் இரண்டாக வாங்கி, இரண்டு வீட்டில் வையுங்கள்.